அண்டை நாடுகளின் பகையும் கரையோர மக்களின் வாழ்வும்

(பங்கின் ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)

 

அண்டை நாடுகளுக்கிடையே பகைமை நிலவும்போது அந்நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய காரியங்கள் எவ்வாறு தடைப்படுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன், "இது டில்லியிலும் கொழும்பிலும் பேச வேண்டிய பொருளாயிற்றே, பாத்தி கட்டி உப்பு வாரும் மரக்காணத்தில் இதற்கென்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நமது காலத்துக்குச் சற்று முன்வரை, காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகள் இங்கு வந்து போயின. எல்லை கடந்து வந்தவர்களாலும் எல்லை கடந்து சென்றவர்களாலும் வாழ்ந்த கரை இது. இன்றைக்கும் நம் தலைக்கு மேல் வீசும் காற்றும், நம் காலடியில் மோதும் அலையும், நாம் பிடிக்கும் மீனும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டையும் வைத்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே அண்டை நாடுகள் பேசிக்கொள்கின்றனவா, முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனவா என்பது நம் அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேரும் செய்தியே.

ஊர் வழக்கில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுவோம். கழுவெளியின் நீர் கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் ஓர் ஊர், அக்கரையில் ஓர் ஊர். போன ஆண்டு வலை அறுந்த விவகாரத்தில் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மழை வருமுன் மண்வெட்டியோடு இரு ஊராரும் இறங்கினால் ஒரே நாளில் வாய் திறந்துவிடும். ஆனால் "அவன் முதலில் வரட்டும்" என்று இவர்களும், "இவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்" என்று அவர்களும் நின்றால் என்ன ஆகும்? வெள்ளம் வந்து இரண்டு ஊரையும் சேர்த்தே முழுக அடிக்கும். வலை அறுந்தது ஒரு வழக்கு. வாய்க்கால் வெட்டுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதுதான் கேடு. இன்று நாம் சொல்ல விரும்புவதன் சாரம் இவ்வளவே. இனி நாடுகளின் கதைக்கு வருவோம்.

முதலாவதாக, நமக்குத் தெற்கே உள்ள பாக் நீரிணையை எடுத்துக்கொள்வோம். நம் மரக்காணத்துப் படகுகள் அவ்வளவு தூரம் தொழிலுக்குச் செல்வதில்லை. ஆயினும் இராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளில் உள்ள சகோதரர்களுக்கு அதுவே வாழ்வு. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் இரயில் ஏறிய ஒருவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலில் கொழும்பு சேரலாம் என்ற நிலை இருந்தது. 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னரும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. இயற்கையின் சீற்றத்தால்கூட நிற்காத அந்தப் போக்குவரத்து, இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபோது 1980களில் நின்றுபோயிற்று. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய கப்பல் சில மாதங்களே ஓடியது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டபோதுதான் தமிழகத்துக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் மறுபடியும் ஒரு கடல்வழி பிறந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பக்கத்து வீட்டுக்குப் போகும் வாசற்படி அடைபட்டுக் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே நீரிணையில்தான் 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இருக்கிறது. 1974 ஜூன் மாதத்தில் பிரதமர் இந்திரா காந்தி அவர்களும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது இலங்கை எல்லைக்குள் அமைந்தது. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே பயண ஆவணமின்றி அங்கு சென்றுவரலாம் என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்களின்படி, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடித்தல் கூடாது என்றாயிற்று. தீவு எவருடையது என்ற வாதம் இன்றளவும் நம் அரசியலில் சூடாக இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்க நாம் வரவில்லை. அந்த வாதத்தின் சூட்டில் கருகிப்போனவை எவை என்பதைத்தான் காட்ட விரும்புகிறோம்.

கருகிப்போனது முதலில் கடல்தான். பாக் நீரிணை ஆழமற்ற ஒரே நீர்நிலை. அதன் நடுவே கோடு போடலாம்; மீன் அந்தக் கோட்டை அறியாது. அக்கரையில் குஞ்சு பொரித்து இக்கரையில் வளர்வதும் உண்டு, மாறி வளர்வதும் உண்டு. அப்படிப்பட்ட கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம், எப்போது வலையை நிறுத்தவேண்டும் என்பதை இரு கரையாரும் கூடியே கணக்கிட முடியும். நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. அந்த 61 நாளும் மீனவக் குடும்பம் வயிற்றைக் கட்டிக்கொண்டு காக்கிற மீன்வளம் முழுப் பயன் தரவேண்டுமானால், ஒரே கடலைப் பகிர்ந்துகொள்கிற இரு நாடுகளும் கலந்து பேசி ஒரே திட்டத்தில் நடக்க வேண்டாமா?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லுவது கடமை. இலங்கைப் போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு மாகாணத் தமிழ் மீனவர் கடலுக்குச் செல்லப் பெரும் தடைகள் இருந்தன. 2009இல் போர் முடிந்து, அவர்கள் கடன்பட்டு வாங்கிய சிறு படகுகளோடு கடலில் இறங்கினார்கள். அங்கே தமிழகத்து விசைப்படகுகளின் இழுவைமடி தரையை வழித்துக்கொண்டு போவதைக் கண்டார்கள். அவர்கள் விரித்த வலைகள் அறுந்தன. இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. இருபுறமும் ஏழைகள், இருபுறமும் தமிழ் பேசுகிறவர்கள், இருபுறமும் பலர் ஒரே விசுவாசத்தார். ஆகவே "நம்மவர் நல்லவர், அவர்கள் கெட்டவர்" என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது, அது உண்மையாகாது. சிறைப்பட்ட இராமேசுவரத்து மீனவரின் மனைவி சிந்துகிற கண்ணீரும், வலையிழந்த யாழ்ப்பாணத்து மீனவரின் மனைவி சிந்துகிற கண்ணீரும் ஒரே உப்புத்தான்.

தீர்வுக்கு வழியே இல்லையா என்றால், இருந்தது. 2004ஆம் ஆண்டிலும், 2010ஆம் ஆண்டிலும், 2014ஆம் ஆண்டிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிடுவது பற்றி மனம் விட்டுப் பேசினார்கள். 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைக்க இசைந்தன. 2017இல் பாக் நீரிணைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்ற ஒரு படகுக்கு 80 இலட்சம் ரூபாய் என்ற திட்டமும் வந்தது. வழி பல திறந்தும் பயணம் முடியவில்லை. ஏன்? ஒவ்வொரு முறையும் ஒரு கைது, ஒரு துப்பாக்கிச் சத்தம், ஒரு தேர்தல் குறுக்கே வந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்குள் மனங்கள் கசந்தன.

2024ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். அவ்வாண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டனர். ஜூன் மாதத்தில் நம் விசைப்படகு ஒன்றைப் பிடிக்க முயன்றபோது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்டு முதல் நாள் கச்சத்தீவு அருகே கடற்படைக் கலம் மோதி நம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு வீட்டிலும் ஒப்பாரி. அவ்வாண்டுப் பிப்ரவரியில் கச்சத்தீவு புனித அந்தோனியார் திருவிழாவுக்குக்கூட, மீனவர் சிறைவைக்கப்பட்டதைக் கண்டித்து, இராமேசுவரத்திலிருந்து படகுகள் செல்லவில்லை. யாழ்ப்பாண மறைமாவட்டத்தாரும் இராமேசுவரத்துப் பங்கு மக்களும் ஆண்டுதோறும் சந்தித்து, ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டு, உறவினரைக் கண்டு நலம் விசாரித்துவந்த இடத்திலும் அந்த ஆண்டு அந்தச் சந்திப்பு நடக்கவில்லை. அடுத்த ஆண்டு பயணம் மீண்டும் நடந்தது என்பது ஆறுதல். செபிக்கப் போகிற வழியையும் பகை மறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவதாக, நம் தெற்காசிய நாடுகள் முழுவதையும் நோக்குவோம். 1985 டிசம்பர் 8ஆம் நாள் டாக்காவில் ஏழு நாடுகள் கூடி 'சார்க்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தன. 2007இல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டாயின. எல்லா முடிவும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இரு நாடுகளுக்கிடையேயான சச்சரவுகளை அங்கே பேசக்கூடாது என்று அதன் சாசனம் கூறுகிறது. நல்லெண்ணத்தோடு எழுதிய விதிதான். ஆனால் வாசலுக்கு வெளியே நிறுத்திய சண்டை, ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. 2014 நவம்பரில் காத்மாண்டில் நடந்த பதினெட்டாவது மாநாட்டில், வாகனங்கள் எல்லை கடந்து செல்வதற்கான உடன்பாடு பாகிஸ்தான் இசையாததால் கையெழுத்தாகவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு, அவ்வாண்டு செப்டம்பரில் ஊரி இராணுவ முகாம் தாக்கப்பட்டதை அடுத்து நடக்காமலே போயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் தலைவர்கள் ஒரே மேசையில் கூடவில்லை.

இதனால் ஏழைக்கு என்ன நட்டம்? தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம், அவற்றின் மொத்த வெளிநாட்டு வணிகத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே. தென்கிழக்காசிய நாடுகளிலோ அது நாலில் ஒரு பங்கை ஒட்டியது. இந்திய நிறுவனம் ஒன்று பக்கத்திலுள்ள பாகிஸ்தானோடு வணிகம் செய்வதைவிடக் கடல்கள் தாண்டியிருக்கும் பிரேசிலோடு வணிகம் செய்வது மலிவு என்று உலக வங்கி கணக்கிட்டது. அடுத்த வீட்டில் அரிசி இருக்க, அசலூர்ச் சந்தைக்கு வண்டி கட்டுகிற கதைதான் இது. குசராத்திலும் சிந்துவிலும் உள்ள மீனவர் நிலையும் நம் பாக் நீரிணை மீனவர் நிலையே. 2008ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் சனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரு நாடுகளும் தத்தம் சிறைகளில் உள்ளவர்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் பாவப்பட்ட மீனவர்களும் பலர்.

பகை எப்படி ஒத்துழைப்பைக் கெடுக்கிறது என்பதை இப்போது மூன்று வகையாகத் தொகுத்துச் சொல்லலாம். ஒன்று, பிணை வைத்தல். ஒரு சச்சரவு தீரும்வரை மற்ற எல்லா வேலையும் நிற்கும் என்று கட்டிவைப்பது. இரண்டு, ஐயம். நல்ல யோசனை வந்தாலும், "இதில் என்ன சூழ்ச்சியோ?" என்று பார்ப்பது. மூன்று, அச்சம். அண்டை நாட்டோடு இணங்கினால் சொந்த மக்களே நம்மைத் துரோகி என்பார்களே என்று ஆள்வோர் நடுங்குவது. இந்த மூன்றாவது நோய்க்கு மருந்து அரண்மனையில் இல்லை, நம்மிடமே இருக்கிறது.

மூன்றாவதாக, நம் கரைக்கே திரும்புவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாளை இங்கே எவரும் மறக்கவில்லை. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே அலை நம் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடித் தப்பியிருக்கலாம். ஆனால் பசிபிக் கடல் நாடுகளுக்கு 1965 முதலே இருந்த கூட்டு எச்சரிக்கை ஏற்பாடு நம் கடல் நாடுகளுக்கு இல்லை. பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே நாடுகள் கூடின. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் எழுந்தது. பின்னர் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் கடல் முழுவதற்கும் செய்தி தரும் பொறுப்பை ஏற்றன. கூடாமல் இருந்ததன் விலையை உயிர்களாகச் செலுத்திய பிறகே கூடினோம்.

புயலின் கதையோ நம்பிக்கை தருவது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதன் விளைவாக, ஐ.நா. அமைப்புகளின் துணையோடு 1972இல் வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளின் புயல் குழு தோன்றியது. இந்தியாவும் பாகிஸ்தானும் வங்காளதேசமும் இலங்கையும் பர்மாவும் அதில் ஒன்றாக அமர்ந்தன. இன்று பதின்மூன்று நாடுகள் அதில் பெயர் கொடுக்கின்றன. டில்லி வானிலை மையம் அனைவருக்கும் முன்னறிவிப்பு அனுப்புகிறது. நம்மைத் தாக்கிய புயல்களின் பெயர்களைப் பாருங்கள்: 2011இல் வந்த 'தானே' பர்மா தந்த பெயர். 2012இல் வந்த 'நீலம்' பாகிஸ்தான் தந்தது. 2020இல் மரக்காணம் அருகே கரை கடந்த 'நிவர்' ஈரான் தந்தது. 2024இல் நம் உப்பளங்களை நீரில் மூழ்கடித்த 'பெஞ்சல்' சவுதி அரேபியா தந்தது. எல்லையில் பீரங்கி முழங்கிய காலத்திலும் இந்தக் குழு கலையவில்லை. ஏன்? புயல் பற்றிய செய்தியை எவரும் பேரப் பொருளாக்கவில்லை. சண்டை ஒரு பக்கம், மண்வெட்டி வேலை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். உப்பைக் காலத்தே வாரி மூடிவைக்கவும், படகைக் கரையேற்றவும் நமக்குக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நாள் அவகாசம் அந்த அறிவின் பயன்.

ஆனால் எந்த ஏற்பாடும் தானாக நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1960இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த சிந்து நதி நீர் உடன்படிக்கை 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களையும் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, அதை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. அறுபத்தைந்து ஆண்டு வரப்பையும் ஒரு வெள்ளம் அசைத்துவிடும். வரப்பை ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உப்பளத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்ட முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. பல நூற்றாண்டுப் பகைவர்களான பிரான்சும் ஜெர்மனியும் 1951இல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்து உறவைத் தொடங்கின. பெரிய வழக்குகளையெல்லாம் தீர்த்துவிட்டு அவை தொடங்கவில்லை. சிறிய வேலையில் தொடங்கின. இந்தியாவும் வங்காளதேசமும் 1974இல் எழுதிய நில எல்லை உடன்பாடு 41 ஆண்டுகள் கழித்து 2015இல் நிறைவேறியது. 162 சிறு நிலத்துண்டுகளில் எந்த நாட்டுக்கும் முழு உரிமையின்றி வாழ்ந்த மக்கள் குடிமக்களாயினர். 2022இல் இலங்கை பொருளாதாரத்தில் நொடிந்தபோது, நம் தமிழகத்திலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப முடிவாகி, மே மாதத்தில் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த அரிசி தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று பார்த்துக் கொதிக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே! நாம் செய்யக்கூடியது என்ன? முதலில், பகையை மூட்டும் பேச்சுக்குக் கைதட்டாதிருப்போம். அண்டை நாட்டாரை இழிவாகப் பேசுகிறவரிடம், "ஐயா, மீனவனை விடுவிக்க நீங்கள் செய்த காரியம் என்ன?" என்று கேட்போம். ஆள்வோர் இணக்கத்துக்கு அஞ்சாதபடி, இணக்கத்தைப் பாராட்டும் மக்களாக நாம் இருப்போம். இரண்டாவது, இரு கரை மீனவர் பேச்சுவார்த்தை ஒரு கைதுக்காகவோ ஒரு தேர்தலுக்காகவோ நிற்காமல், புயல் குழுவைப் போல ஆண்டுதோறும் குறித்த நாளில் கூட வேண்டும் என்று நம் பிரதிநிதிகளிடம் வற்புறுத்துவோம். சிறைப்பட்டவரைப் பற்றிய பேச்சும், மீன்வளத்தைப் பற்றிய பேச்சும், தீவைப் பற்றிய வழக்கும் தனித்தனியே நடக்கட்டும். ஒன்று முறிந்தால் மற்றவை முறிய வேண்டாம். மூன்றாவது, நம் பிள்ளைகள் அக்கரை மக்களின் வரலாற்றையும் துன்பத்தையும் படிக்கட்டும். முகம் தெரிந்தவனை வெறுப்பது கடினம்.

நாடுகளுக்கிடையே வழக்குகள் இருக்கும். அவை நாளையே தீரும் என்று நாம் சொல்லவில்லை. வழக்கு இருக்கட்டும், ஆனால் வழக்கு நடக்கிறதென்று வாய்க்காலை மூடாதீர்கள் என்பதே கரையோர ஏழை மக்கள் சார்பில் நாம் எழுப்பும் குரல். இந்த ஜூபிலி ஆண்டில், விளக்கேற்றிக் கொண்டாடும் நம் பங்கு, அக்கரைப் பங்குகளையும் நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் கடலுக்கும் நம் கடலுக்கும் பெயர் ஒன்றே. அவர்கள் பாடு கிடைக்கிற நாளில் நமக்கும் பாடு கிடைக்கட்டும்.